வாசலில் கட்டணம் இல்லை!
முதுகுப் பையுடன் இலண்டன் மாநகரில் ஆறு நாட்கள்

இலண்டன் மாநகரைப் பற்றி ஒன்றும் அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. பள்ளிப் புத்தகத்தில் அதன் பாலத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். படிப்பதற்கும், தொழில் தேடுவதற்கும், உறவினரைக் காண்பதற்கும் அங்கே சென்றவர் பலர். ஆயினும், “ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்காக மட்டும் போகிறேன்” என்று நான் சொன்னபொழுது ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். “மாஸ்டர், கையில் காசில்லாமல் அந்த ஊரிலே பச்சைத் தண்ணீரும் குடிக்க முடியாதே!” என்றார் என் நண்பர்.

அவர் கூற்றில் பாதி உண்மை; பாதி பிழை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பிழை என்பதை நேரிற் கண்டு வந்தேன். அதனையே வாசகர்களுக்கு இங்கே கூற விரும்புகின்றேன்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம், 2022ஆம் ஆண்டில் நமது ரூபாய் வீழ்ந்தபோது கண்ணெதிரே சுருங்கிப் போயிற்று. இன்னும் காத்திருந்தால் எஞ்சியதும் போய்விடும் என்று அஞ்சி, 2023ஆம் ஆண்டு யூன் மாதம் புறப்பட்டேன். வீசா விண்ணப்பத்திற்கு மாத்திரம் நூறு பவுண். அதனுடன் வங்கிக் கணக்கு, சம்பளச் சிட்டை, அதிபரின் கடிதம் முதலிய தாள்கள் ஒரு கட்டு. விமானச் சீட்டுக்கும் கொடுத்தபின், ஆறு நாட்களுக்கென என் கையில் இருந்தது முந்நூறு பவுண். அதிலும் பாதிக்கு மேற்பட்டது படுக்கைக்கே போய்விட்டது.

எட்டுப் பேர் உறங்கும் அறை

தேம்ஸ் நதியின் தென்கரைக்கு அண்மையில் இளைஞர் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. ஓர் அறையில் எட்டுப் பேருக்கு அடுக்குக் கட்டில்கள். மற்ற எழுவரும் என் மாணவர் வயதினர். நரைத்த தலையுடன் நான் ஒருவனே மேற்கட்டிலுக்கு ஏணி ஏறினேன். கீழே பொதுச் சமையலறை உண்டு. பாணும் வாழைப்பழமும் கடையில் வாங்கினேன். வீட்டிலிருந்து கொண்டு சென்ற சீனிச்சம்பல் போத்தல் ஒன்று ஆறு நாளும் துணை நின்றது. குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கு உகந்தது. ஆகையால், பச்சைத் தண்ணீரைப் பற்றி நண்பர் கூறியது முதல் நாளிலேயே பொய்த்துப் போயிற்று!

யூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் பொழுது சாய்வதில்லை. காலாறி நடப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நிலக்கீழ்ப் புகையிரதம் 1863ஆம் ஆண்டு முதல் அந்நகரில் ஓடுகின்றது. உலகில் அதுவே முதலாவது. ஆனால், நிலத்தின் கீழே செல்பவன் நகரத்தைக் காண்பதில்லை. நான் நடந்தேன்.

தீயிலிருந்து எழுந்த நகரம்

முதல் நாட் காலை இலண்டன் பாலத்தைக் கடந்து பழைய நகரத்திற்குள் நுழைந்தேன். பாலத்தின் வடமுனைக்கு அருகே ஒரு நெடிய கற்றூண் நிற்கின்றது. 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி, புடிங் லேன் என்னும் ஒழுங்கையில் ஒரு ரொட்டிக் கிடங்கில் மூண்ட தீ, நான்கு நாட்களில் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமான வீடுகளையும் 87 தேவாலயங்களையும் சாம்பலாக்கியது. அதன் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டு 1677இல் முடிவுற்றது இத்தூண். இதன் உயரம் 202 அடி. தூணடியிலிருந்து தீ மூண்ட இடத்திற்குள்ள தூரமும் அவ்வளவே. உள்ளே 311 படிகள் உள. ஏறுவதற்குக் கட்டணம் உண்டாகையால், அடியில் நின்று அண்ணாந்து பார்த்து அமைந்தேன்.

அங்கிருந்து மேற்கே கால் மணி நேரம் நடந்தால் சென் போல்ஸ் பேராலயம். பழைய ஆலயம் அந்தத் தீயில் அழிய, சேர் கிறிஸ்தோபர் ரென் என்னும் சிற்பி 1675இல் புதிய ஆலயத்திற்கு அத்திவாரம் இட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளில் அது நிறைவெய்தியது. 365 அடி உயரமுள்ள அதன் குவிமாடம் நகரின் எல்லாத் திசைகளிலிருந்தும் தென்படும். இரண்டாம் உலக யுத்தத்தில், 1940ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி இரவு, சுற்றுப்புறமெல்லாம் குண்டுத் தீயில் எரிந்தபோது இவ்வாலயம் தப்பி நின்றது. தண்ணீர் வாளிகளுடனும் கைப்பம்புகளுடனும் கூரையிலே காவல் நின்ற தொண்டர்கள் அதனைக் காத்தனர்.

சுற்றிப் பார்ப்போருக்கு அங்கே கட்டணம் உண்டு. வழிபட வருவோருக்கு இல்லை. மாலை ஐந்து மணி ஆராதனைக்கு நானும் சென்று பின்வரிசையில் அமர்ந்தேன். சைவனாகிய என்னை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சிறுவர்களின் பாட்டொலி குவிமாடத்தைத் தொட்டு மெல்ல இறங்கி வருவதைக் கேட்டுக்கொண்டே, நடந்து களைத்த கால்களை ஆற்றினேன்.

பேராலயத்தின் தெற்கே, ஆற்றைக் கடக்கும் நடைபாலம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு யூன் மாதம் திறக்கப்பட்ட இப்பாலம், மக்கள் திரண்டு நடந்தபோது பக்கவாட்டில் ஆடத் தொடங்கிற்று. சிறு அசைவுக்கு ஏற்ப மனிதர் தம்மை அறியாமலே அடியெடுத்து வைக்க, அவ்வசைவு மேலும் பெருகியதே காரணம். இரண்டு நாளில் மூடப்பட்டு, அசைவை அடக்கும் கருவிகள் பொருத்தப்பட்டபின் 2002இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் அக்கரையில் முன்னாள் மின்னிலையம் ஒன்று, 2000ஆம் ஆண்டு முதல் டேற் மொடேர்ன் என்னும் ஓவியக்கூடமாக விளங்குகின்றது. அங்கேயும் நுழைவதற்குக் கட்டணம் இல்லை.

வண்டியில் வருவோரும் நடந்து வருவோரும்

மறுநாள் டிரபல்கர் சதுக்கத்திற்குச் சென்றேன். நான்கு சிங்கங்கள் காவல் இருக்க, உயர்ந்த தூணின்மேல் கடற்படைத் தளபதி நெல்சன் நிற்கின்றார். அவருக்கு வடபுறத்தில் தேசிய ஓவியக்கூடம். 1824இல் அரசாங்கம் வாங்கிய 38 ஓவியங்களுடன் தொடங்கிய இக்கூடத்தில், இன்று இரண்டாயிரத்து முந்நூறுக்கும் அதிகமான ஓவியங்கள் உள்ளன.

இக்கூடம் ஏன் இவ்விடத்தில் அமைந்தது என்பது அறியத்தக்கது. நகரின் மேற்கே செல்வர் வாழ்ந்தனர். கிழக்கே உழைப்பாளிகள் வாழ்ந்தனர். மேற்கிலிருந்து வண்டியில் வருவோரும் கிழக்கிலிருந்து நடந்து வருவோரும் ஒருங்கே வந்து சேரக்கூடிய இடம் இதுவென்று கருதினர். பின்னர், நகரத்துப் புகை ஓவியங்களைக் கெடுக்கின்றது, நல்ல காற்றுள்ள இடத்திற்கு மாற்றலாம் என்று சிலர் வாதாடினர். ஆயினும், மக்கள் எளிதில் வந்து காண இயலாத இடத்தில் ஓவியங்கள் பத்திரமாக இருந்து என்ன பயன் என்ற எண்ணமே வென்றது.

யுத்தக் காலத்தில் ஓவியங்களெல்லாம் வேல்ஸ் நாட்டுக் கற்சுரங்கம் ஒன்றிலே ஒளித்து வைக்கப்பட்டன. வெறுஞ்சுவர்களுக்கு நடுவே மைரா ஹெஸ் என்னும் பெண்மணி மதிய நேரத்தில் பியானோக் கச்சேரிகள் நடத்தினார். 1942 முதல், மாதம் ஓர் ஓவியம் மாத்திரம் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து மாட்டப்பட்டது. குண்டு விழும் நகரத்திலே ஒரேயொரு படத்தைக் காண மக்கள் வரிசையில் நின்றார்களாம்! அந்த மண்டபங்களில், யாரோ எனக்காகத் திறந்து வைத்த வீட்டில் நடப்பவனைப்போல நடந்தேன். கால் கடுத்தபோது அமர்ந்தேன். ஒருவரும் எழும்பு என்று சொல்லவில்லை.

எங்கள் கடற்கரைப் பெண்

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று நான் சென்றது பிரித்தானிய நூதனசாலை. உண்மையைச் சொன்னால், பன்னிரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டியது அந்த ஒரு நாளுக்காகவே.

சேர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர் வாழ்நாளெல்லாம் திரட்டிய எழுபதாயிரத்துக்கும் அதிகமான பொருட்கள், அவர் இறந்த 1753ஆம் ஆண்டில் நாட்டுக்குச் சொந்தமாயின. அதற்கான பணத்தைப் பாராளுமன்றம் லொத்தர் நடத்தித் திரட்டியது. 1759ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி கதவு திறந்தது. அறிவை நாடி வரும் எவருக்கும் இலவசம் என்பது தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட விதி. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பங்கு ஜமேய்க்காத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் வந்தது என்பதையும் மறக்கலாகாது.

எகிப்தின் றொசெற்றாக் கல்லையும், ஏதென்ஸ் நகரத்துக் கோயிற் சிற்பங்களையும் சுற்றித்தான் கூட்டம் அதிகம். நான் 33ஆம் இலக்க மண்டபத்தைக் கேட்டுக் கேட்டுச் சென்றேன். அங்கே அவள் நின்றாள்.

தாரை! வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய உருவம். உயரம் 143 சதமமீற்றர். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் உயரமே இருக்கும். உயர்ந்த சடாமுடி, நுண்ணிடை, இடைக்குக் கீழே மெல்லிய ஆடை. வலக்கை வரத முத்திரையில், கொடுக்கும் பாவனையில் தாழ்ந்திருக்கின்றது. மகாயான பௌத்தர்கள் கருணையின் வடிவமாக வணங்கிய தேவி இவள். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நமது இலங்கையிலே வார்க்கப்பட்டவள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டவள். அஃதாவது, என் பள்ளிக்கூடம் இருக்கும் கரையில்! 1812 முதல் 1820 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த சேர் ரொபேர்ட் பிரவுன்றிக், 1830இல் இவளை நூதனசாலைக்கு வழங்கினார். மேலுடல் ஆடையின்றி இருந்ததைக் கண்டு கூசிய அக்காலத்து அதிகாரிகள், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணிற் படாமல் உள்ளறையில் வைத்திருந்தனர் என்பது வேறு கதை.

எவ்வளவு நேரம் நின்றேனோ அறியேன். காலடியில் சலசலப்புக் கேட்டுக் குனிந்து பார்த்தேன். பள்ளிச் சிறுவர் சிலர் நிலத்தில் அமர்ந்து பென்சிலால் தாரையை வரைந்து கொண்டிருந்தனர். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயா, உங்களுக்கு இவரைத் தெரியுமா?”

“இவர் எங்கள் ஊர்” என்றேன். “அங்கே நானும் ஓர் ஆசிரியன்.”

அவள் முகம் மலர்ந்தது. சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அப்படியானால் உங்கள் மாணவர்கள் இவரை வரைய வேண்டுமென்றால் எங்கே போவார்கள்?”

நான் விடை சொல்லவில்லை. அவளுடைய ஆசிரியை புன்முறுவலுடன், “மன்னிக்க வேண்டும், இவள் எதையும் கேட்பாள்” என்றார். “கேட்கட்டும், அம்மா. நல்ல கேள்வி” என்று மாத்திரம் கூறினேன்.

உண்மையிலேயே நல்ல கேள்விதான். அந்த வாசலில் கட்டணம் இல்லை. இலண்டன் சிறுமி எந்த நாளும் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு வரலாம். எங்கள் கரையில் பிறந்த பிள்ளைக்கும் அதே வாசல் இலவசமே. ஆனால், அந்த வாசலை அடைவதற்கு வீசாவும், ஒரு கட்டுத் தாளும், கடல் கடக்கும் சீட்டும் வேண்டுமே! வீடு எல்லோருக்கும் திறந்திருக்கின்றது. வீதியோ சிலருக்கே திறந்திருக்கின்றது.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆயினும் கோபத்துடன் நன்றியும் வந்தது. அவளை அழியாமல் காத்தவர்களும் அவர்களே. நூதனசாலையின் பொருட்களை, மிகச் சில சந்தர்ப்பங்களிலன்றி, எவருக்கும் கொடுத்துவிட இயலாதவாறு 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கின்றது. நானும் சிறுமியின் அருகே நிலத்தில் அமர்ந்து, என் குறிப்புப் புத்தகத்தில் தாரையை வரைந்தேன். எனக்குச் சித்திரம் வராது. இருந்தும் வரைந்தேன்.

இருக்கைக்கும் கட்டணம்!

சனியும் ஞாயிறும் பூங்காக்களிற் கழிந்தன. சென் ஜேம்ஸ் பூங்காவில் 1664இல் ரஷ்யத் தூதுவர் அன்பளித்த காலம் முதற்கொண்டு கூழைக்கடாப் பறவைகள் வாழ்கின்றன. புல்வெளியில் வரிசையாகக் கிடந்த துணிக் கதிரை ஒன்றிலே சாய்ந்தேன். உடனே ஒருவர் வந்து பணிவுடன் கட்டணம் கேட்டார்! மரவாங்குக்குக் காசில்லை, துணிக் கதிரைக்கு உண்டு என்று அப்போதுதான் அறிந்தேன். எழுந்து மரவாங்குக்கு மாறினேன். பாணும் சீனிச்சம்பலும் அங்கேயும் அதே ருசியாகத்தான் இருந்தன.

ஞாயிறன்று ஹைட் பூங்காவின் மூலையில், பெட்டிமேல் ஏறி நின்று தத்தம் கொள்கையை முழங்குவோரைக் கேட்டேன். ஒருவர் பேசப் பத்துப் பேர் மறுத்தனர். அடிதடி மாத்திரம் நிகழவில்லை.

ஒரு கதிரை

ஊர் திரும்பும் திங்கட்கிழமை, பாராளுமன்றத்தில் விவாதம் கேட்கச் சென்றேன். அதற்கும் கட்டணம் இல்லை. வரிசையில் நிற்கும் பொறுமை வேண்டும். 1097இல் கட்டப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் வழியாக உள்ளே விட்டனர். முதலாம் சார்ள்ஸ் மன்னன் 1649இல் மரண தண்டனை பெற்றது அங்கேதான்.

பொதுமக்கள் சபையின் பழைய மண்டபம் 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானியக் குண்டால் அழிந்தது. கட்டடச் சிற்பி கைல்ஸ் கில்பேர்ட் ஸ்கொட் அதனை மீளக் கட்டினார். நான் கண்ட மின்னிலையமும், தெருவோரத்துச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளும் அவரது ஆக்கங்களே. புதிய மண்டபம் 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் திறக்கப்பட்டபோது, பொதுநலவாய நாடுகள் தளபாடங்களை அன்பளித்தன. அவுஸ்திரேலியா சபாநாயகரின் ஆசனத்தைக் கொடுத்தது. கனடா மேசையைக் கொடுத்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் வாசற் கதவுகளைக் கொடுத்தன. சுதந்திரம் பெற்று இரண்டே ஆண்டுகளான நமது இலங்கை, படைக்கலச் சேவிதரின் கதிரையைக் கொடுத்தது!

பார்வையாளர் மாடத்தை முற்காலத்தில் “அந்நியர் மாடம்” என்றே அழைத்தனர். கண்ணாடித் தடுப்பின் பின்னால் அமர்ந்து பார்த்தேன். என் இடத்திலிருந்து அக்கதிரை சரியாகத் தென்படவில்லை. ஆனாலும், அது கீழே இருக்கின்றது என்ற நினைவே போதுமாயிருந்தது. பையை முதுகிலேற்றி விமான நிலையம் செல்லும் வழியெல்லாம் அதையே எண்ணினேன். நம்மிடமிருந்து சென்ற பொருளும் அந்நகரில் இருக்கின்றது. நாமே மனமுவந்து கொடுத்த பொருளும் இருக்கின்றது. முன்னதை எண்ணும்போது தலை தாழ்கின்றது; பின்னதை எண்ணும்போது நிமிர்கின்றது.

திரும்பி வந்த பொருள்

நண்பரிடம் வந்து கணக்கைச் சொன்னேன்: “இலண்டனில் செலவானது படுக்கைக்கும் பாணுக்கும்தான். பார்த்ததெல்லாம் இலவசம். போகும் வழிதான் விலை கூடியது.” அவர் இம்முறை சிரிக்கவில்லை.

ஆனால், சிறுமியின் கேள்வி என்னை விடவில்லை. என் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 2024இல் பெற்றோரின் உதவியுடன் முப்பத்திரண்டு மாணவரை இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்கு அழைத்துச் சென்றேன். 1877இல் திறக்கப்பட்ட நமது தேசிய நூதனசாலையை அவர்களுள் ஒருவரேனும் முன்னர் கண்டதில்லை. நமது வாசலுக்கும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி இருக்கின்றது அன்றோ?

கண்டி மன்னனின் சிம்மாசனத்தின் முன்னே அவர்களை அமர்த்தி, பென்சிலும் தாளும் கொடுத்தேன். 1815இல் சிறீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டபின் இச்சிம்மாசனம் இங்கிலாந்துக்குச் சென்றதையும், 1934இல் திருப்பி அளிக்கப்பட்டதையும் கூறினேன். பின்னர் என் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, கோணலாக வரைந்த தாரையைக் காட்டினேன். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தனர்.

சிரிப்பு ஓய்ந்தபின் ஒருத்தி கேட்டாள்: “சேர், இந்தச் சிம்மாசனம் திரும்பி வர எத்தனை வருடம் சென்றது?”

“நீயே கழித்துப் பார்.”

தாளின் மூலையில் கணக்கிட்டாள். “119 வருடம்” என்றாள். பிறகு, நான் சொல்லாமலே 1830 என்று எழுதி இன்னொரு கணக்குப் போட்டாள். 194 என்று வந்தது. அதனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, மீண்டும் சிம்மாசனத்தை வரையத் தொடங்கினாள்.